ரெட் கரன்ட் புதரில் என்ன கோளாறு? கடுங்குளிர் ஊர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கனடாவின் எட்மன்டன், சஸ்காட்டூன், வின்னிபெக் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ரெட் கரன்ட் என்ற சிவப்புப் பழப் புதர் வைத்திருப்பவர்களிடம் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டால், பாதிப் பேர் "குளிர் தின்றுவிட்டது" என்பார்கள். மைனஸ் 35 வரை இறங்கும் ஊரில் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் இந்தப் புதர் குளிருக்கென்றே பிறந்தது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1933-இல் வெளியிட்ட ரெட் லேக் போன்ற வகைகள், செடிகள் தாங்கும் குளிரை வைத்து ஊர்களைப் பிரிக்கும் கணக்கில் 3-ஆம் மண்டலத்துக் குளிரைத் தாங்கும். அந்த மண்டலத்தின் கீழ் எல்லை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். நன்றாக ஓய்வுக்குப் போன செடியை ஜனவரிக் குளிர் அவ்வளவு சுலபத்தில் கொல்லாது. எலியோ, மே மாத உறைபனியோ, தப்பான கவாத்தோ, சுண்ணாம்பு மிகுந்த மண்ணோ, ஒரு பச்சைப் புழுவோதான் பெரும்பாலும் குற்றவாளி.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒழுங்கான செடியின் நாட்காட்டி கையில் இருக்கட்டும். பிரெய்ரியில், அதாவது இந்த ஊர்கள் இருக்கும் புல்வெளிச் சமவெளியில், ஏப்ரல் கடைசியிலிருந்து மொட்டு உப்பும். மே நடுவிலிருந்து பச்சையும் மஞ்சளும் கலந்த சின்னப் பூக்கள் சரம் சரமாகத் தொங்கும். ஜூலை நடுவிலிருந்து பழம் சிவக்கும். டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரர் சொல்லும் தேதியோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். அவர் ஊர் வேறு, நம் ஊர் வேறு.

மே வந்தும் கிளை துளிர்க்கவில்லை

முதலில் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டுங்கள். அடியில் ஈரமான பச்சை தெரிந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது. காய்ந்த பழுப்பென்றால் அந்த இடம் போய்விட்டது. நுனியில் தொடங்கி ஒரு சாண் விட்டு ஒரு சாண் கீழே வந்துகொண்டே சுரண்டுங்கள். பச்சை எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் முக்கியம். செடிக்கு என்ன ஆனது என்பதை அந்த உயரம் சொல்லிவிடும்.

நுனியில் நாலைந்து விரல் மட்டும் காய்ந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. போன வருடம் தாமதமாக வளர்ந்த இளங்கிளை முற்றாமலே குளிருக்குள் போயிருக்கிறது. பச்சை இருக்கும் இடத்தில் ஒரு மொட்டுக்கு மேலே வெட்டிவிடுங்கள். வருடா வருடம் இப்படியே ஆகிறது என்றால் கடைசித் தலைப்பைப் பாருங்கள்.

எல்லாக் கிளைகளும் ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோலக் காய்ந்து, அதற்குக் கீழே மட்டும் துளிர்த்திருந்தால், அந்தக் கோடுதான் போன குளிர்காலத்தில் பனி கிடந்த உயரம். பனிக்குள் இருந்த பகுதி தப்பியது, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது போயிற்று. இங்கே மட்டும் குளிர் மேல் பழி போடலாம். ஆனாலும் இரண்டு கேள்விகள் பாக்கி. ஒன்று, உங்களிடம் இருப்பது என்ன வகை? மிதமான ஊருக்கென்று விற்கப்படும் செடியாக இருந்தால் அடுத்த முறை ரெட் லேக் போன்ற பழைய, உறுதியான வகைக்கு மாறுங்கள். இரண்டு, இடையில் வெயில் வந்ததா? கால்கரி, லெத்பிரிட்ஜ் பக்கம் இதுதான் பெரிய வில்லன். சினூக் என்ற வெதுவெதுப்பான மலைக்காற்று வீசினால் மைனஸ் 20-இல் இருந்த ஊர் சில மணி நேரத்தில் பூச்சியத்தைத் தாண்டிவிடும். ஜனவரி கடைசிக்குள் கரன்ட் தனக்கு வேண்டிய குளிர் ஓய்வைப் பெரும்பாலும் முடித்திருக்கும். அதற்குப் பிறகு வரும் வெதுவெதுப்பை வசந்தம் என்று நம்பி மொட்டு இளகும். நாலு நாள் கழித்துப் பழைய குளிர் திரும்பும்போது அதைத் தாங்கும் சக்தி அந்த மொட்டில் இருக்காது. மைனஸ் 35-ஐ டிசம்பரில் தாங்கிய அதே கிளை பிப்ரவரியில் மைனஸ் 25-க்கே சாகலாம்.

இதற்கு மருந்து எதுவும் கிடையாது, இடம்தான் மருந்து. தெற்குப் பார்த்த சுவர் ஓரம் வைக்காதீர்கள். "குளிர் ஊர்தானே, கதகதப்பான இடம் கொடுப்போம்" என்ற நல்லெண்ணம் இந்தச் செடிக்கு எதிராகவே முடியும். வீட்டுக்கு வடக்கிலோ கிழக்கிலோ, பனி தாமதமாகக் கரையும் இடத்தில் வையுங்கள். மண் உறைந்த பிறகு நாலு அங்குலம் வைக்கோல் மூடாக்குப் போட்டால் வேர்ப் பகுதி நிதானமாக இருக்கும். உறைவதற்கு முன்பே போட்டுவிட்டால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

எலி என்றதும் அடுத்த விஷயம். கிளை முழுக்கக் காய்ந்திருக்கிறது, தரையை ஒட்டிப் பட்டை இல்லாமல் வெள்ளையாகத் தெரிகிறது, கிட்டே குனிந்து பார்த்தால் மெல்லிய உளியால் கீறியதுபோல சின்னச் சின்னப் பல் தடங்கள், சுற்றிப் புல்லில் பனிக்கடியில் ஓடிய பாதைகள் என்றால் அது வயல் எலி. பனி கனமாக மூடிய வருடங்களில்தான் இது அதிகம். குளிரிலிருந்து செடியைக் காப்பாற்றும் அதே பனி எலிக்கும் கூரையாகிவிடுகிறது. பட்டையை முழு வட்டமாகக் கொறித்திருந்தால் அந்தக் கிளை பிழைக்காது. மே மாதத்தில் அடித்தண்டின் சேமிப்பில் கொஞ்சம் துளிர்த்துக் காட்டி, ஜூனில் வாடும். அதற்காகக் காத்திருக்காமல் காயத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள். வேர் நன்றாக இருந்தால் அடியிலிருந்து புதுக்கிளை கிளம்பும். அடுத்த அக்டோபரில் புதரைச் சுற்றி கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை வட்டமாக நிறுத்தி, அடி விளிம்பை மண்ணில் இரண்டு அங்குலம் புதையுங்கள். மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே வையுங்கள். பனி விழுந்த பிறகு புதரைச் சுற்றிக் காலால் மிதித்து இறுக்கினாலும் எலி வருவது குறையும்.

கிளை நுனிகள் கத்தியால் சாய்வாக வெட்டியதுபோல இருந்தால் அது முயல். பனியின் மேல் நின்று தின்பதால் காயம் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்கூட இருக்கும். வலையின் உயரத்தைத் தரையிலிருந்து கணக்குப் போடாமல் பனி மட்டத்திலிருந்து போடுங்கள்.

நடுவில் பிளந்து படுத்திருக்கிறதா? ஈரப் பனியின் கனம். இலை உதிர்ந்ததும் கிளைகளைத் தளர்வாகச் சேர்த்துச் சணல் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டிவிட்டால் போதும்.

போன இலையுதிர் காலத்தில் நட்ட செடி வேரோடு மேலே எழும்பி நிற்கிறது என்றால், மண் உறைந்து இளகி உறைந்து அதை மேலே தள்ளியிருக்கிறது. உடனே அழுத்தி நட்டு, தண்ணீர் விட்டு, மூடாக்குப் போடுங்கள். இந்த ஊர்களில் வசந்தத்தில் நடுவதுதான் நல்லது. தொட்டியில் வெளியே நின்ற செடி செத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. தரைக்குள் வேருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு தொட்டிக்குள் கிடையாது. தொட்டியோடு மண்ணில் புதைத்துவிடலாம், அல்லது உறைநிலையை ஒட்டியே இருக்கும் கராஜில் வைக்கலாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்துத் தோட்டப் புத்தகங்களைப் பார்த்து ரெட் கரன்டை ஒற்றைத் தண்டில் சின்ன மரம் மாதிரி வளர்ப்பவர்கள் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் எலியோ தண்டைத் துளைக்கும் புழுவோ அந்த ஒரு தண்டைத் தொட்டால் கதை முடிந்தது. இங்கே பல தண்டுப் புதராகவே விடுங்கள். நடும்போது நர்சரித் தொட்டியில் இருந்த ஆழத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இறக்குங்கள். மண்ணுக்கடியில் இருக்கும் மொட்டுகள்தான் பிற்காலத்துக்கான காப்பீடு.

புதர் கொழுகொழுவென்று இருக்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது

நட்டு இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் பொறுங்கள். மூன்றாம் வருடம் கொஞ்சம் காய்க்கும், ஐந்தாம் வருடம் வாக்கில்தான் முழுக் காய்ப்பு வரும். மூன்று நாலு கிலோ தரும் புதர் ஆரோக்கியமான புதர்.

வயது வந்தும் பூக்கவில்லை என்றால் கவாத்தை விசாரியுங்கள். பிளாக் கரன்ட் பெரும்பாலும் போன வருடக் கிளையில் காய்க்கும். ரெட் கரன்ட் இரண்டு மூன்று வயதுக் கிளையில் இருக்கும் குட்டைக் காம்புகளிலும், ஒரு வயதுக் கிளையின் அடிப்பகுதியிலும் காய்க்கும். பிளாக் கரன்டுக்குச் சொன்ன ஆலோசனையைக் கேட்டுப் பழைய கிளைகளை எல்லாம் வருடா வருடம் வழித்தெடுத்தால் பழம் வரவேண்டிய இடத்தையே வெட்டி எறிகிறீர்கள். சரியான கணக்கு இதுதான்: ஒரு வயதுக் கிளை மூன்று நாலு, இரண்டு வயது மூன்று நாலு, மூன்று வயது மூன்று நாலு. நாலு வயதைத் தாண்டியதைத் தரைமட்டத்தில் எடுத்துவிடலாம். வயதைப் பட்டையே சொல்லும். இளங்கிளை வெளிர் நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும். கிழக்கிளை கறுத்து, பட்டை உரிந்து, முண்டும் முடிச்சுமாக இருக்கும். வெட்டுவதற்கு நேரம் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம், மொட்டு உப்புவதற்கு முன்.

நிழல் இன்னொரு காரணம். அரை நாள் நிழலை ரெட் கரன்ட் பொறுத்துக்கொள்ளும், முழு நிழலில் இலை மட்டும்தான் வரும். பக்கத்துப் புல்தரைக்குப் போடும் உரம் இதற்கும் போய்ச் சேர்ந்தால் தழைச்சத்து கூடிப்போய், கிளை நீளுமே தவிரப் பூக்காது.

இவை எதுவும் இல்லை, பத்து வருடமாகப் பழமே பார்த்ததில்லை என்றால் அது ரெட் கரன்ட்தானா என்று பாருங்கள். நகரங்களில் வேலிக்கென்று வைக்கும் ஆல்பைன் கரன்ட் இதன் பங்காளி. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. கடைகளில் விற்பது பெரும்பாலும் ஆண் செடி. பெண்ணாக இருந்தாலும் பழத்தில் ருசி கிடையாது. இலை சின்னதாக, புதர் அடர்ந்து நெருக்கமாக, பூங்கொத்து தொங்காமல் நிமிர்ந்து நின்றால் சந்தேகமே வேண்டாம். வீடு வாங்கும்போது தோட்டத்தோடு சேர்ந்து வந்த "கரன்ட்" பல இடங்களில் இதுதான்.

பூத்துக் குலுங்கியது, காய் நிற்கவில்லை

பூத்த வாரத்தில் இரவு வெப்பநிலை என்ன என்று போனில் பழைய கணக்கைத் தேடுங்கள். மைனஸ் 40 தாங்கும் செடிதான், ஆனால் பூ முழுதாக விரிந்த பிறகு மைனஸ் 2 போதும். வெளியே பார்க்கப் பூ நன்றாகவே இருக்கும். ஒரு பூவை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். நடுவில் இருக்கும் சூல்முடி பச்சையாக இருக்க வேண்டும், கறுத்திருந்தால் அந்தப் பூ முடிந்தது. சரத்தின் காம்பை ஒட்டி நாலு காய் நின்று, நுனிப் பக்கம் வெறுங்காம்பாக இருப்பதும் உறைபனியின் வேலையாக இருக்கலாம்.

பிரெய்ரியில் மே கடைசி வரை உறைபனி வரும், கரன்ட் அதற்கு முன்பே பூத்துவிடும். ஆகவே மே மாதம் முழுக்கப் பழைய பெட்ஷீட் இரண்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மாலையிலேயே புதர் மேல் போர்த்தி, ஓரம் தரையைத் தொடும்படி கல் வையுங்கள். தரையின் சூடுதான் உள்ளே நிற்க வேண்டும், மேலே தொப்பி மாதிரி போட்டால் பயனில்லை. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், அது தொடும் இடத்தில் பூ கருகும். காலையில் எடுத்துவிடுங்கள். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்பதால் தோட்டத்தின் தாழ்ந்த மூலை இதற்கு ஆகாது. வகையிலும் வித்தியாசம் உண்டு. யோங்கீர் வான் டெட்ஸ் என்ற டச்சு வகை சீக்கிரம் பூக்கும், அதனால் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். ரோவாடா தாமதமாகப் பூக்கும்.

உறைபனி இல்லாமலும் காய் உதிர்ந்தால் பூத்த நாட்களில் மழையும் காற்றுமாக இருந்ததா என்று யோசியுங்கள். ரெட் கரன்ட் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் பூவுக்குப் பூ அதைக் கொண்டுபோக பம்பிள் தேனீ வேண்டும். குளிர்ந்த காலையில் மற்ற தேனீக்கள் அதிகம் வெளியே வராது. பக்கத்திலேயே இன்னொரு வகை இருந்தால் காய்ப்பு கூடும். கடைசியாக, வேர் மேலாக ஓடும் செடி இது, பூத்த பிறகு பத்து நாள் தண்ணீர் காணாவிட்டால் பிஞ்சை உதறிவிடும்.

இலை காணாமல் போகிறது

திங்கட்கிழமை செழித்து நின்ற புதர் அந்த வார முடிவில் வெறும் நரம்பும் காம்புமாக நின்றால் அது கரன்ட் ரம்ப ஈயின் புழு. எந்த ஊர்க் கரன்ட் தோட்டத்திலும் இதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். மே கடைசி, ஜூன் முதல் பாதி இதன் காலம்.

தாய் ஈ இலையின் அடியில், நரம்போரமாக, வெள்ளை மணிகளை வரிசையாகத் தைத்ததுபோல முட்டையிடும். அதுவும் புதரின் உள்ளே, தாழ்ந்த இலையாகப் பார்த்து இடும். புழு அங்கேயே பொரித்து உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருவதால், வெளிவட்டம் பச்சையாக இருக்கும்போதே உள்ளே காலியாகிவிடும். ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாது. மே நடுவிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை குனிந்து, நடுக்கிளைகளை விலக்கி, கீழிலைகளைப் புரட்டிப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது மாதிரி ஓட்டைகள் தெரிந்தால் அந்த இலையின் அடியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக இருக்கும். அந்த இலையை அப்படியே கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

பெரிதான புழு இரண்டு சென்டிமீட்டர் வரை வரும். பச்சை உடம்பில் கறுப்புப் புள்ளி, தலையும் கறுப்பு. தொட்டால் வாலைத் தூக்கி வளைக்கும். இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். கடையில் "புழுவுக்கு" என்று கேட்டால் பி.டி. என்ற பாக்டீரியா மருந்தைக் கொடுப்பார்கள். முட்டைக்கோஸ் புழுவுக்கு அது அருமையான மருந்து, ஆனால் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி இனப் புழுக்களை மட்டும்தான் கொல்லும். இது அந்த இனமே இல்லை. சந்தேகமாக இருந்தால் வயிற்றுப் பக்கத்துப் பொய்க்கால்களை எண்ணுங்கள். ஐந்து ஜோடி அல்லது அதற்குக் குறைவு என்றால் அந்துப்பூச்சிப் புழு, ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் ரம்ப ஈ.

கையால் பொறுக்குவதும், கீழே துணி விரித்துக் கிளையை உலுக்குவதும் ஒன்றிரண்டு புதருக்குப் போதும். சின்னப் புழுவாக இருந்தால் பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் நேராகப் படும்படி அடிக்கலாம். ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து நன்றாக வேலை செய்யும். ஆனால் ஈரமாக இருக்கும்போது தேனீயைக் கொல்லும் என்பதால் பூ இருக்கும்போது தொடவே கூடாது, பிறகும் சாயங்காலத்தில்தான். உங்கள் ஊரில் வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதி உண்டா, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பழம் பறிக்கலாம் என்பது லேபிளில் இருக்கும்.

முழுசாக மொட்டையானாலும் செடி அந்த வருடமே சாகாது, மறுபடி துளிர்க்கும். ஆனால் குளிர்காலத்துக்குச் சேமிக்க வேண்டியதைச் செலவழித்துத் துளிர்க்கிறது. இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து மொட்டையடிக்கப்பட்ட புதர்தான் ஒரு பிப்ரவரியில் போய்விடுகிறது, பழி மட்டும் குளிருக்கு. ஜூலையில் இரண்டாம் தலைமுறை வரலாம், அதையும் விடாமல் பாருங்கள்.

இலையில் சிவப்புக் கொப்புளம்

பார்க்கத்தான் பயங்கரம். இலையைத் திருப்பினால் குழியில் வெளிர்மஞ்சள் அசுவினி இருக்கும். கோடை நடுவில் அதுவாகவே வேறு செடிக்குப் போய்விடும். பழம் குறையாது. ரொம்ப உறுத்தினால் அடுத்த வசந்தத்தில் மொட்டு விரிவதற்கு முன், கிளையில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மேல் தோட்ட எண்ணெய் அடியுங்கள்.

இலை மஞ்சளாகிறது, கருகுகிறது, புள்ளி விழுகிறது

நரம்பு பச்சை, இடையில் மஞ்சள், அதுவும் நுனியில் இருக்கும் இளைய இலையில் முதலில் என்றால் இரும்புச்சத்துப் பிரச்சினை. பிரெய்ரி மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதிகம் என்பதால் மண்ணின் கார அமில அளவு (pH) 7.5-க்கு மேல் போய்விடுகிறது, இரும்பைச் செடியால் எடுக்க முடிவதில்லை. கரன்டுக்குப் பிடித்தது 6-லிருந்து 6.5. நம்மவர்களுக்கு அடுப்புச் சாம்பலைச் செடிக்குக் கொட்டும் பழக்கம் உண்டு. ஊரில் செம்மண்ணுக்கு அது சரி. இங்கே அது காரத்தை இன்னும் ஏற்றும், தயவுசெய்து வேண்டாம். மட்கு நிறையச் சேருங்கள், கந்தகத் தூள் மெதுவாக வேலை செய்யும். அவசரத்துக்கு, கார மண்ணுக்கென்று விற்கும் இ.டி.டி.ஹெச்.ஏ. வகை இரும்புச் செலேட் கொடுக்கலாம்.

இலை முழுக்க வெளிறி, வளர்ச்சியும் நின்றிருந்தால் மண்வெட்டியால் ஒரு ஓரமாகத் தோண்டிப் பாருங்கள். வின்னிபெக்கின் பிசுபிசுப்பான களிமண்ணில் தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுவது சாதாரணம். மேட்டுப்பாத்தி போட்டு மாற்றி நடுவதுதான் வழி.

பழைய இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால் சாம்பல்சத்துக் குறைவு. இதைச் சரிசெய்யப் போய்ப் பலர் செடியை இன்னும் கெடுப்பார்கள். மலிவாகக் கிடைக்கும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. கரன்டுக்குக் குளோரைடு ஆகாது. பொட்டாசியம் சல்பேட் என்று கேட்டு வாங்குங்கள். அதே காரணத்தால், டிரைவ்வேயிலிருந்து அள்ளிய உப்புக் கலந்த பனியைப் புதர் மேல் கொட்டாதீர்கள். தெருப்பக்கம் இருக்கும் செடியில் மட்டும், தெருவைப் பார்த்த பக்கத்தில் மட்டும் ஓரக்கருகல் இருந்தால் காரணம் இந்த உப்புதான்.

சின்னப் பழுப்புப் புள்ளிகள் பெருகி ஜூலையிலேயே இலை உதிர்ந்தால் இலைப்புள்ளிப் பூஞ்சை. உதிர்ந்த இலையில்தான் அது குளிர்காலத்தைக் கழிக்கும். கூட்டி அப்புறப்படுத்துங்கள், ஸ்பிரிங்ளரை விட்டு அடியில் தண்ணீர் ஊற்றுங்கள், நடுப்பகுதியில் காற்று போகும்படி கவாத்து செய்யுங்கள். வெள்ளை மாவு பூசியது போன்ற சாம்பல் நோய்க்கும் இதே வைத்தியம்.

ஆகஸ்டில் இலையடியில் ஆரஞ்சு நிறத் தூள் கையில் ஒட்டினால் துரு நோய். இது ஐந்து ஊசி இலைப் பைனுக்கும் கரன்ட் சேர்ந்த ரைபிஸ் இனச் செடிகளுக்கும் நடுவே மாறி மாறி வாழும் பூஞ்சை. கரன்டுக்குப் பெரிய சேதமில்லை, பைன் மரம்தான் சாகும். அமெரிக்கா ஒரு காலத்தில் கரன்ட் வளர்ப்பதையே இதற்காகத் தடுத்து வைத்திருந்தது. மத்திய அரசின் தடை 1966-இல் நீங்கினாலும் சில மாநிலங்களில் கட்டுப்பாடு இன்னும் உண்டு. பிளாக் கரன்டைவிட ரெட் கரன்டில் இது குறைவு.

ஒரே ஒரு கிளை மட்டும் வாடுகிறது

மற்றவை நன்றாக இருக்க, ஒரு கிளையில் இலை சின்னதாக, மஞ்சளாக வந்து, பிஞ்சோடு துவண்டால் அதை வெட்டி நடுத்தண்டைப் பாருங்கள். நடுவே கறுத்த குழாய் போல ஓட்டை இருந்தால் துளைப்பான். குளவி மாதிரித் தோன்றும், கண்ணாடி இறகுள்ள ஒரு அந்துப்பூச்சியின் புழு அது. கிளைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. மருந்து உள்ளே எட்டாது. தண்டின் நடுவில் இருக்கும் வெள்ளைச் சோறு சுத்தமாகத் தெரியும் வரை கீழே கீழே வெட்டிக்கொண்டே போங்கள், தேவைப்பட்டால் தரை வரை. வெட்டியதை எரியுங்கள், அல்லது கட்டிக் குப்பையில் போடுங்கள். ஓரமாகக் குவித்து வைத்தால் ஜூனில் அங்கிருந்தே பறந்து வரும். நாலு வயதுக் கிளையை ஒழுங்காக எடுத்துவரும் புதரில் இது அதிகம் தங்காது.

ஓட்டை இல்லை, காய்ந்த கிளையில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகச் சின்னப் பருக்கள் இருக்கிறதென்றால் அது காய்ந்த மரத்தில் குடியேறும் பூஞ்சை. அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

காய் முன்னதாகவே சிவந்து உதிர்கிறது

ஜூன் கடைசியில் நாலு பழம் மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தப் பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளியைச் சுற்றி நிறம் மாறியிருக்கும். நசுக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு. கரன்ட் பழ ஈ பிரெய்ரியில் நிறைய. பூ முடிந்து பிஞ்சு பச்சையாக இருக்கும்போதே தோலுக்கடியில் முட்டையிடும். பழம் விழுந்ததும் புழு வெளியே வந்து மண்ணுக்குள் போய், அடுத்த வசந்தம் வரை தூங்கும்.

புழு பழத்துக்குள் போன பிறகு அந்த வருடம் செய்வதற்கு அதிகமில்லை. விழுந்ததை அன்றன்றே பொறுக்கி ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், மட்குக் குழியில் போடவே கூடாது. அடுத்த வருடத்துக்கு உறுதியான வழி வலை. இதழ் உதிர்ந்த உடனே, ஒரு வாரம்கூடத் தள்ளாமல், கொசுவலை போன்ற மெல்லிய துணியால் புதரை மூடி அடியில் கட்டுங்கள். ஆனால் போன வருடம் இதே புதரில் புழு இருந்தது என்றால் ஈ உள்ளிருக்கும் மண்ணிலிருந்தே கிளம்பி வலைக்குள் மாட்டிக்கொண்டு தன் வேலையைச் செய்யும். அதனால் வலையோடு சேர்த்து, புதருக்கடியில் களை வராமல் மண்ணை மூடும் துணியும் போட்டு ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும்.

சரத்தையே நூலாம்படையால் சுற்றிக் கட்டியிருந்தால் அது வேறு புழு, அந்துப்பூச்சி இனம். அதற்கு பி.டி. கேட்கும், கூடு கட்டுவதற்கு முன் அடித்தால்.

நேற்று இருந்த பழம் இன்று இல்லை

ராபின், வாக்ஸ்விங் என்ற பறவைகளின் வேலை. வாக்ஸ்விங் கூட்டமாக வந்தால் ஒரு காலையில் புதர் காலி. நிறம் மாறத் தொடங்கியதும் பறவை வலை போடுங்கள், கால் சிக்காதபடி இழுத்துக் கட்டுங்கள். பழ ஈக்குப் போட்ட வலை இருந்தால் அதுவே போதும்.

அக்டோபரிலும் பச்சையாக நிற்கிறது

கேட்டால் நல்ல செய்தி மாதிரி இருக்கும். முதல் தலைப்பில் சொன்ன நுனி காய்வது இங்கேதான் ஆரம்பிக்கிறது. செப்டம்பரில் இலை பழுத்து, கிளை முற்றி, நுனி மொட்டு இறுகி மூடியிருக்க வேண்டும். நுனி இன்னும் மெத்தென்று வளைந்தால் செடிக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. ஜூலைக்குப் பிறகு தழைச்சத்து கொடுத்திருப்பீர்கள், அல்லது ஆகஸ்டில் கவாத்து செய்து புதுத்துளிரைத் தூண்டியிருப்பீர்கள்.

உரம் எல்லாம் வசந்தத்தோடு சரி. பழம் பறித்த பிறகு வாரம் ஓர் அங்குலத் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். இலை உதிர்ந்த பிறகு, தரை உறைவதற்கு முன், ஒரு நாள் நன்றாக ஊற வைத்து ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். குளிர்காலக் காற்று கிளையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், உறைந்த மண்ணிலிருந்து வேரால் ஈடுகட்ட முடியாது. இந்த வருடம் தாமதமாகிவிட்டது, நுனி பச்சையாகவே இருக்கிறது என்றால் இப்போது வெட்டாதீர்கள். வெட்டு இன்னொரு துளிரைக் கிளப்பும். போகிற நுனி போகட்டும், ஏப்ரலில் நகத்தால் சுரண்டிப் பார்த்து வெட்டிக்கொள்ளலாம்.